எந்தக் கறண்ட் திட்டம் நல்லது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் என் கடை மேசைக்கு மாதத்தில் பத்து நாளாவது மின்சார பில்கள் வந்துகொண்டிருக்கும். கட்ட வருகிறவர் பில்லை நீட்டும்போதே ஒரு சந்தேகத்தையும் நீட்டுவார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் வீட்டுக் கதையும் சேர்ந்து வரும். சிலவேளை அந்தப் பிள்ளையே வாட்ஸ்அப்பில் எடுத்து, “அண்ணை, இங்கை ஒரு திட்டம் சொல்லுறாங்கள், எடுக்கவோ?” என்று கேட்கும். நான் முந்தி வயரிங் வேலை செய்தவன் என்பதால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்து, கடைசியில் எழுதி வைத்தது இது.

ரூபாக் கணக்கெல்லாம் 2025 ஜூன் 12 இல் நடைமுறைக்கு வந்த வீட்டு விலையில், 30 நாள் பில்லுக்குப் போட்டது. வரி சேர்க்கவில்லை. விலை அடிக்கடி மாறும். அந்த ஆண்டு ஜனவரியில் 20 வீதம் குறைத்து, ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். உங்கள் கையிலுள்ள பில்லின் விலையைப் போட்டு அதே கணக்கைச் செய்து பாருங்கள்.

லண்டனிலை தம்பி கறண்ட் கொம்பனியை மாத்திக் காசு மிச்சம் பிடிக்கிறானாம். நாங்களும் மாத்தேலுமோ?

ஏலாது. இலங்கையில் உங்களுக்கு யார் மின்சாரம் விற்பது என்பதை நீங்கள் இருக்கும் இடமே முடிவு செய்துவிடும். நீர்கொழும்பு தொடக்கம் காலி வரை உள்ள சில கரையோரப் பகுதிகளில் லெக்கோ கம்பனி. மற்ற இடமெல்லாம் மின்சார சபை இழுத்த கம்பி. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் அந்தப் பக்கம். லெக்கோ பகுதியில் இருக்கிறவருக்கும் தெரிவு கிடையாது. விலையும் எங்களுக்குள்ள அதே விலைதான்.

தம்பி இருக்கும் இடத்தில் கதை வேறு. அங்கே போஸ்ற்றும் கம்பியும் ஒருவருடையது, அந்தக் கம்பியால் வரும் மின்சாரத்தை விற்பவர்கள் பலர். பிரித்தானியாவில் 1998, 1999 அளவில் எல்லா வீடுகளுக்கும் இப்படித் திறந்துவிட்டார்கள். விற்பவரை மாற்றினால் வயரை ஒருவரும் தொடமாட்டார்கள், விளக்கு ஒரு நொடிகூட அணையாது. பில்லின் தலைப்பும் விலையும் மட்டும் மாறும்.

அப்ப எங்களுக்கு ஒரு தெரிவும் இல்லை. தாறதை வாங்கிக் கட்ட வேண்டியதுதானே?

அப்படிச் சொல்லித்தான் பலர் பில்லைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்கள். கொம்பனியைத் தெரிவு செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் யூனிற் கூடக் கூட விலை ஏறும் படிகளில் எந்தப் படியில் நிற்பது, நேரத்துக்கு ஒரு விலை உள்ள கட்டணத்துக்குப் போவதா, கூரையில் சோலார் போட்டால் எந்த முறையில் ஒப்பந்தம் எழுதுவது, இணைப்பு வீட்டு வகையா கடை வகையா என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. பில்லின் வீதக் கணக்கில் பார்த்தால், லண்டன்காரர் கொம்பனி மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட, முதலாவதில் மட்டுமே இங்கே அதிகம் பிடிக்கலாம். எப்படி என்பது அடுத்த பதிலில்.

போன மாதம் 577 ரூபா, இந்த மாதம் 1,202 ரூபா. மூண்டு யூனிற்தான் கூட. மீற்றர் பிழையோ?

வட்டக்கச்சியில் இருந்து வந்த ஓர் அக்கா இரண்டு பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டது இது. ஒன்றில் 59 யூனிற், மற்றதில் 62. மீற்றரில் ஒரு பிழையும் இல்லை. அவர் 60 என்ற கோட்டைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான்.

60 யூனிற்றுக்குள் நின்றால் முதல் 30 யூனிற் 4 ரூபா 50 சதம், அடுத்த 30 யூனிற் 8 ரூபா, நிலையான கட்டணம் 210. (30 க்குள்ளேயே நின்றால் அது 80.) 60 ஐத் தாண்டினால் மேலதிக யூனிற்றுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது பிழை. தாண்டினவுடன் முதலாவது யூனிற்றில் இருந்தே வேறு விலைப்பட்டியல்: முதல் 60 யூனிற் 12 ரூபா 75 சதம், 61 தொடக்கம் 90 வரை 18 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 400. அதனால் 60 யூனிற் எரித்த வீட்டுக்கு 585 ரூபா, 61 எரித்த வீட்டுக்கு 1,183 ரூபா 50 சதம். அந்த ஒரு யூனிற்றின் விலை 598 ரூபா 50 சதம். ஒரு ஃபேன் பதின்மூன்று மணித்தியாலம் சுற்றினால் ஒரு யூனிற்.

மேலே போகப் போக இன்னும் படிகள் உண்டு. 91 தொடக்கம் 120 வரை யூனிற் 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000. 121 தொடக்கம் 180 வரை 41 ரூபா, நிலையான கட்டணம் 1,500. 180 க்கு மேல் 61 ரூபா, நிலையான கட்டணம் 2,100. 90 யூனிற் என்றால் 1,720 ரூபா, 91 என்றால் 2,344. 120 என்றால் 3,040, 121 என்றால் 3,581. 180 யூனிற் சரியாக 6,000 ரூபா, ஒன்று கூடினால் 6,661. என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே 60, 90, 120, 180 என்ற நான்கு எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, இதில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு நிற்கிறது என்பதைத்தான்.

60 க்குள்ளை நிக்க எதை நிப்பாட்டுறது? ரீவியையோ?

ரீவியை விடுங்கள். பிள்ளைகளோடு சண்டைதான் மிஞ்சும். எங்கள் பக்கத்து வீடுகளில் பில்லை ஏற்றுவது ஃபேனும் பிறிட்ஜும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாற் அளவு இழுக்கும். பங்குனி, சித்திரை வெக்கையில் இரவு முழுக்க ஓடும். பத்து மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 22 அரை யூனிற். இரண்டு ஃபேன் 45. பிறிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிற் என்றால் 30. இதுவே 75 ஆகிவிட்டது. விளக்கு, ரீவி, அயன் எல்லாம் சேர்த்து 12 என்று வையுங்கள், மொத்தம் 87. பில் 1,664 ரூபா 50 சதம்.

அந்த இரண்டு ஃபேனையும் 30 வாற் அளவில் ஓடும் புதுவகை பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 45 யூனிற் 18 ஆக இறங்கும். வீடு 60 இல் வந்து நிற்கும். பில் 585. மாதம் ஆயிரத்துக்குச் சற்று மேல் மிச்சம். ஃபேனின் விலையை அந்த ஆயிரத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே 40 யூனிற்றில் நிற்கும் வீட்டுக்கு இந்தச் செலவு வீண்.

சமையலைப் பற்றியும் ஒரு சொல். றைஸ் குக்கர் ஒரு தரம் சோறு வைக்க அரை யூனிற்றுக்கும் குறைவுதான் எடுக்கும். ஆனால் நாளுக்கு இரண்டு தரம் என்றால் மாதக் கடைசியில் இருபது யூனிற் தாண்டும். விறகு கிடைக்கிற வளவில் இருந்துகொண்டு 58 இல் நிற்கும் வீட்டுக்கு இதை வாங்கிக் கொடுத்த மகனை நான் அறிவேன். அம்மா இப்போது அதைப் பொங்கலுக்கு மட்டும் எடுக்கிறா.

மீற்றர் பாக்கிறவர் பிந்தி வந்தால் 60 தாண்டிப் போகாதோ? அது எங்கடை பிழையில்லையே?

பயப்பட வேண்டாம். படிகள் நாட்கணக்கில் நீளும். 60 யூனிற் என்பது 30 நாளுக்கு, அதாவது நாளுக்கு 2. வாசிப்பு 33 நாளில் எடுத்தால் உங்கள் எல்லை 66. அதனால் பில்லில் யூனிற்றைப் பார்க்க முதல் நாட்களைப் பாருங்கள். 64 யூனிற் 33 நாளில் என்றால் நீங்கள் இன்னும் கீழ்ப்படியில்தான்.

மீற்றரை நீங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்து கலண்டரில் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 14 தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

மீற்றர் சும்மா ஓடுது எண்டு நினைக்கிறன். என்னெண்டு பிடிக்கிறது?

வீட்டுக்குள் எல்லாச் சுவிச்சையும் நிறுத்தி, பிளக்குகளையும் கழற்றிவிட்டு மீற்றரில் சிமிட்டும் சிவப்பு லைற்றைப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது நீங்கள் மறந்த ஏதோ ஒன்று ஓடுகிறது. கிணற்றடி மோட்டருக்குப் போகும் வயரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், எலி கடித்திருக்கும். மெயின் சுவிச்சையே நிறுத்தியும் சிமிட்டினால் 1987 க்கு அழைத்து முறையிடுங்கள்.

பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை எண்டு ஒரு திட்டம் இருக்காம். அது மலிவோ?

இருக்கிறது. நேர அடிப்படையிலான கட்டணம் என்று பெயர். காலை 5.30 தொடக்கம் மாலை 6.30 வரை பகல் விலை, 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை உச்ச விலை, 10.30 க்குப் பிறகு விடியும் வரை குறைந்த விலை. த்ரீ பேஸ் இணைப்பு உள்ள வீடுகள் விரும்பினால் எடுக்கலாம். இதில் படிகளே இல்லை, எத்தனை யூனிற் எரித்தாலும் நேரத்தைப் பொறுத்து ஒரே விலை.

இது பெரிய வீட்டுக்கானது. நடுச்சாமத்து விலைகூட, படிமுறையில் முதல் 60 யூனிற்றுக்குள்ள விலையைவிடக் கூட. நிலையான கட்டணமோ மேல்படியில் உள்ள அளவு. 100 யூனிற் எரிக்கும் வீடு இதற்கு மாறினால் தன் காலில் தானே மண்வெட்டியைப் போடுகிறது. மாதம் முந்நூறு, நானூறு யூனிற் போகிற, ஏசி இரவில் ஓடுகிற, மின்சாரக் கார் சார்ஜ் செய்கிற வீடு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லண்டனிலும் இரவு ஏழு மணித்தியாலம் மலிவு என்ற பழைய திட்டம் ஒன்று உண்டு. அதிலும் இரவு குறைந்த அளவுக்குப் பகல் கூடியிருக்கும். இரவில் எரிக்க ஒன்றுமில்லாதவர் அதை எடுத்தால் நட்டம்.

வீட்டு விறாந்தையிலை சின்னக் கடை போட்டிருக்கிறன். வீட்டு பில்லிலையே ஓட்டலாமோ?

இணைப்பு எந்த வகைக்கு எடுத்ததோ அதற்குத்தான் பாவிக்க வேண்டும். வீடு, கோயில் முதலான சமய நிலையங்கள், கைத்தொழில், ஹோட்டல், பொதுத் தேவை என்று வகைகள் தனித்தனி. சோடா பிறிட்ஜ் இரண்டு வைத்து ஓடும் கடையை வீட்டு மீற்றரில் ஓட்டினால் பிடிபட்டால் பிரச்சினை. அதைவிட முக்கியம், பிறிட்ஜ் உங்கள் வீட்டையே மேல்படிக்கு ஏற்றிவிடும். கடைக்குத் தனி இணைப்பு எடுத்தால் வீடு பழையபடி கீழே வந்து நிற்கும். பலருக்கு இரண்டு பில்லும் சேர்ந்தே ஒரு பில்லைவிடக் குறைவாக வருகிறது.

சோலார் போட்டால் பில்லே வராதாம். உண்மையோ?

உங்கள் பில் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள், பிறகு சொல்கிறேன். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாற் பலகை மாதம் நூறு யூனிற்றுக்கு மேல் தரும். ஆனால் மாதம் 585 ரூபா கட்டும் வீடு, பில்லை மிச்சம் பிடிக்கவென்று லட்சக்கணக்கில் கடன் எடுத்துச் சோலார் போடுவது கூத்து. 180 க்கு மேல் எரிக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு மேலதிக யூனிற்றும் 61 ரூபா. அவர்களுக்குத்தான் அது சரிவரும்.

என் வீட்டுக்கே ஒரு விற்பனைக்காரர் வந்து, கைபேசியில் கணக்குப் போட்டு, ஐந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்றார். எல்லா யூனிற்றையும் 61 ரூபாவால் பெருக்கியிருந்தார். என் பில் 84 யூனிற். காட்டினேன். தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நெட் மீற்றரிங், நெட் அக்கவுன்ரிங், நெட் பிளஸ் எண்டு மூண்டு சொல்லுறாங்கள். எதை எழுதிறது?

நெட் மீற்றரிங்கில் காசு கைமாறாது. கூட உற்பத்தியானால் யூனிற் அடுத்த மாதக் கணக்கில் வரவு வைக்கப்படும். நெட் அக்கவுன்ரிங்கில் நீங்கள் எரித்ததைக் கழித்து மிச்ச யூனிற்றுக்குக் காசு தருவார்கள். நெட் பிளஸ்ஸில் பலகை தருவது முழுவதையும் விற்கிறீர்கள், வீட்டுக்கு எரிப்பதை மற்றவர்களைப்போல படிமுறையில் வாங்குகிறீர்கள்.

2016 இல் இந்த முறைகள் பரவலாக வந்தபோது முதல் 7 வருடத்துக்கு யூனிற் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்று எழுதினார்கள். நெருக்கடிக் காலத்தில் புது ஒப்பந்தத்துக்கு 37 ஆகக் கூட்டி, 2024 இல் 27 ஆக்கி, 2025 இல் சிறிய கூரைகளுக்கு 20 ரூபா 90 சதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய ஒப்பந்தக்காரர் வாங்கும் விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். அந்த 2025 விலைக்கு இதுதான் கணக்கு: உங்கள் வீட்டு யூனிற்றின் சராசரி விலை (நிலையான கட்டணம் சேர்க்காமல்) 21 ரூபாவுக்குக் கீழே என்றால், அதை மலிவாக வாங்கிக்கொண்டு பலகை தருவதை விற்பது இலாபம். 60 யூனிற் வீடு நெட் பிளஸ்ஸில் இருந்தால், நெட் அக்கவுன்ரிங்கைவிட மாதம் 800 ரூபாவுக்கு மேல் கூட வரும். ஏனென்றால் 375 ரூபாவுக்கு வாங்கும் யூனிற்றை 1,254 ரூபாவுக்கு விற்கிறது. 140 யூனிற்றை ஒட்டி இது தலைகீழாகும். அதற்கு மேல் எரிக்கிறவருக்குக் கழிக்கும் முறை நல்லது.

ஏன் விலையைக் குறைத்தார்கள் என்றும் கேட்பார்கள். பகலில் சோலார் கூடிவிட்டது, மாலையில் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டதே. பாணந்துறை உபநிலையத்துக்குள் போன குரங்கைச் சொன்னார்கள். பாவனை குறைந்து சோலார் கூடிய நேரத்தில் கட்டமைப்பு தாங்கும் பலமின்றி இருந்ததும் பேசப்பட்டது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். அதனால்தான் பற்றரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் அனுப்பும் யூனிற்றுக்கு மட்டும் 45 ரூபா 80 சதம் என்று கூடிய விலை வைத்தார்கள்.

கறண்ட் போனாலும் சோலார் வீடு எரியும்தானே?

எரியாது. பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் இன்வேர்ற்றர். சாதாரண இன்வேர்ற்றர் லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் போஸ்ற்றில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்கு ஆபத்து. பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ற்றரும் இருந்தால்தான் எரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். அந்த டைனமோ இதைவிட விசுவாசமாக இருந்தது.

அண்ணை, நான் லண்டன் ஹரோவிலை. நிலைத்த விலைத் திட்டம் எடுக்கவோ, மாறுற விலையிலை நிக்கவோ?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். நிலைத்த விலை என்றால் யூனிற்றின் விலைதான் ஒரு வருடம், இரண்டு வருடம் நிற்கும்; பில் நிற்காது. கூட எரித்தால் கூட வரும். மாறும் விலைத் திட்டத்தில் யூனிற்றின் விலை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கும். நிலைத்ததில் இடையில் விலகினால் தண்டம் இருக்கலாம். வீடு மாறும் எண்ணம் இருந்தால் அதை முதலில் பாருங்கள். கையெழுத்து வைத்தாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம்.

அடுத்தது நாட்கட்டணம். இங்குள்ள நிலையான கட்டணத்தின் அண்ணன் அது. யூனிற்றின் விலையைப் பெரிய எழுத்தில் போட்டு, நாட்கட்டணத்தைக் கீழே சிறிய எழுத்தில் போடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். முதல் திட்டம் யூனிற் 24 பென்ஸ், நாளுக்கு 60 பென்ஸ். இரண்டாவது யூனிற் 26 பென்ஸ், நாளுக்கு 40 பென்ஸ். அறை ஒன்றில் தனியே இருந்து வருடம் 1,500 யூனிற் எரிக்கிறவருக்கு முதலாவதில் 579 பவுண்ஸ், இரண்டாவதில் 536. யூனிற் விலை கூடியதுதான் அவருக்கு மலிவு. 4,000 யூனிற் எரிக்கும் குடும்பத்துக்கு முதலாவது 1,179, இரண்டாவது 1,186. திட்டத்தின் பெயரைச் சொல்லி நல்லதோ என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் வருடப் பாவனையைச் சொல்லுங்கள். அது பில்லின் இரண்டாம் பக்கத்திலோ எங்கோ கிலோவாற் மணியில் இருக்கும், ஒரு கிலோவாற் மணிதான் ஒரு யூனிற்.

அரசாங்கம் விலைக்கு உச்ச வரம்பு வைச்சிருக்காம். அப்ப அதுக்கு மேலை பில் வராதே?

வரும். 2019 ஜனவரியில் இருந்து ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு வைக்கும் வரம்பு, யூனிற் விலைக்கும் நாட்கட்டணத்துக்கும்தான். 2025 கோடையில் அது யூனிற்றுக்கு 25 பென்ஸை ஒட்டியும் நாளுக்கு 50 பென்ஸை ஒட்டியும் இருந்தது. செய்தியில் சொல்லும் வருடத் தொகை ஒரு சராசரி வீட்டுக்கான உதாரணம். பவுண்ஸை ரூபாவாக்கிப் பார்த்தால் அங்கே ஒரு யூனிற் 100 ரூபா வரும். இதைச் சொன்னால் வட்டக்கச்சி அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மலிவான கொம்பனி முறிஞ்சு போனால் இருட்டிலையோ இருக்கிறது?

இல்லை. பிரித்தானியாவில் 2021, 2022 இல் மொத்த விலை ஏறியபோது ஏறக்குறைய 30 விற்பனையாளர்கள் முறிந்தார்கள். வாடிக்கையாளரை ஒஃப்ஜெம் வேறு கொம்பனிக்கு மாற்றியது, கணக்கில் இருந்த காசும் பாதுகாக்கப்பட்டது. போனது மலிவு விலை மட்டும். மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள், புதுக் கொம்பனியோடு தொடக்க வாசிப்பில் பிடுங்குப்படத் தேவை வராது.

கனடா ஸ்காபுரோவிலை மாமி வீட்டுக் கதவைத் தட்டி, பில்லைக் காட்டுங்கோ எண்டு ஒரு பொடியன் கேட்டவனாம்.

காட்டக்கூடாது. பில்லில் உள்ள கணக்கு எண்தான் அவனுக்கு வேண்டியது. ஒன்ராறியோவில் கதவடியில் நின்று மின்சார ஒப்பந்தம் எழுதுவது 2017 ஜனவரி 1 இல் இருந்தே தடை. அங்கே ஒன்றும் தெரிவு செய்யாமல் இருந்தாலும் உள்ளூர் மின் நிறுவனம் ஒழுங்குபடுத்திய விலையில் தரும். மாமி கதவைச் சாத்தினதால் ஒரு நட்டமும் இல்லை.

ஒஸ்லோவிலை சகலன் சந்தை விலையிலை எடுக்கிறானாம், சிலநேரம் சும்மா மாதிரி வருதாம். எல்லாரும் அதை எடுக்கலாம்தானே?

நோர்வே 1991 இலேயே சந்தையைத் திறந்த நாடு, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறும் விலையில் எடுப்பது அங்கே வழமை. மழையும் உருகும் பனியும் நிறைந்த காலத்தில் நீர்மின் மலிவு. குளிரில் ஏறும். அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாத வீடுகளுக்காக 2025 ஒக்ரோபரில் அரசே ஒரு நிலைத்த விலையையும் கொண்டுவந்தது.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ரெக்ஸாஸ். அங்கே 2002 இல் போட்டி தொடங்கியது. 2021 பெப்ரவரிப் பனிப்புயலில் மொத்த விலை யூனிற்றுக்கு 9 டொலர் வரை போய் நின்றது. மொத்த விலைத் திட்டத்தில் இருந்த வீடுகளுக்குச் சில நாளில் ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. மாதத்தில் ஒரு தரம் மலிவு கிடைக்கிறது என்பதற்காக வருடத்தில் ஒரு தரம் வரக்கூடிய அடியைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். சகலன் தாங்குவான், இரண்டு வேலை. அகதி முகாமில் இருந்து புதிதாக வீடு எடுத்துப் போனவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சுவிஸிலை இருக்கிற அக்கா எந்தக் கொம்பனிக்கு மாறலாம்?

மாற முடியாது. அங்கே வருடம் 1,00,000 யூனிற்றுக்கு மேல் எரிப்பவருக்குத்தான் தெரிவு. அக்காவும் நாங்களும் ஒரு கட்சி.

மன்னாரிலை காத்தாடி சுத்துது. கறண்ட் எங்கடை மண்ணிலை எடுத்து, விலை மட்டும் கொழும்பு விலையோ?

நியாயமான கேள்வி. தம்பபவனி என்று பெயரிட்ட அந்தக் காற்றாலை 2020 டிசம்பரில் திறந்தது, 103.5 மெகாவாற், 30 காத்தாடி. அதன் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியால் தேசிய கட்டமைப்பில் போய்க் கலக்கிறது. கலந்த பிறகு எது மன்னார் யூனிற், எது நுரைச்சோலை நிலக்கரி யூனிற் என்று பிரிக்க முடியாது. வீட்டு விலையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நாடு முழுவதற்கும் ஒன்றாகவே அங்கீகரிக்கிறது.

மன்னார்க்காரர் காத்தாடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மலிவு கேட்பது பிழையில்லை என்பது என் எண்ணம். மீன்பாடு, வெள்ளம், பறவைகள் என்று அவர்கள் சொல்லும் முறைப்பாடுகளுக்குப் பதிலாக ஒரு விலைக் கழிவாவது கொடுத்திருக்கலாம். இன்றைய விலைமுறையில் அதற்கு இடமில்லை. இன்னொரு பக்கமும் உண்டு: ஒவ்வொரு ஊருக்கும் செலவுக்கேற்ற விலை என்று வந்தால், பத்து வீட்டுக்கு மூன்று மைல் கம்பி இழுத்த முல்லைத்தீவுக் கிராமங்களின் பில் எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சபையைத் துண்டு துண்டா உடைக்கினமாம். இனி எங்களுக்கும் லண்டன் மாதிரிப் பல கொம்பனி வருமோ?

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், 2025 இல் திருத்தப்பட்டு, 1969 இல் தொடங்கிய சபையின் வேலைகளைத் தனித்தனிக் கம்பனிகளுக்குப் பிரிக்கிறது. மின்சாரம் செய்பவர் ஒருவர், கடத்துபவர் ஒருவர், விநியோகிப்பவர் ஒருவர் என்ற மாதிரி. இது உடைப்பு, போட்டி இல்லை. உங்கள் வாசலுக்கு வரும் கம்பிக்கும் பில்லுக்கும் அதன் பிறகும் ஒருவர்தான். பில்லின் தலைப்பில் பெயர் மாறினால் “கொம்பனி மாறிப்போச்சு” என்று ஓடி வராதீர்கள். கணக்கு எண் சரியா என்று மட்டும் பாருங்கள்.

மகளுக்கு வளவைப் பிரிச்சுக் குடுத்திருக்கிறன். ரெண்டு மீற்றர் எடுத்தால் ரெண்டும் 60 க்குள்ளை நிக்குமே? கள்ளமோ?

மூன்றாவது பதிலை நன்றாக வாசித்தவர் கேட்கிற கேள்வி இது. ஒரு மீற்றரில் 120 யூனிற் என்றால் 3,040 ரூபா. அதையே இரண்டு வீடு 60, 60 ஆகப் பிரித்தால் 585 இன் இரண்டு மடங்கு, 1,170. மாதம் 1,870 ரூபா வித்தியாசம். அதனால்தான் ஒரே வீட்டுக்கு இரண்டாவது இணைப்புக் கேட்டால் சுலபத்தில் தரமாட்டார்கள்.

உண்மையில் தனிக் குடித்தனம் என்றால் கள்ளம் இல்லை, உரிமை. தனி வாசல், தனிக் குசினி, தனி வயரிங் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இருந்து மற்ற வீட்டுக்கு வயர் இழுத்திருக்கக்கூடாது. காணிப் பத்திரம் இன்னும் உங்கள் பெயரில் என்றால் கிராம அலுவலரிடம் முதலில் கதையுங்கள், எங்கள் பக்கத்தில் பத்திரத்தால்தான் பாதி விண்ணப்பம் நிற்கிறது. கேட்டவரின் வளவுக்குப் போய்ப் பார்த்தேன். மகளின் வீட்டுக்கு வாசல் தனி, குசினி தனி. பிறிட்ஜ் மட்டும் ஒன்று, அப்பா வீட்டு விறாந்தையில். அதை எந்த மீற்றரில் போடுவது என்று அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.